குட், பெட்டர், பெஸ்ட்!

உலகத்தில் ஒப்பிட்டுப் பார்க்காத மனிதர் உண்டா? கத்தரிக்காய்க் கடைக்காரரிடம், "அடுத்த கடையில் இதைவிட மலிவு, ஐயா!" என்கிறோம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், "போன மாசம் சாப்பிட்ட பாயசத்தின் பக்கத்தில்கூட இது நிற்காது" என்கிறோம். மழலை மாறாத குழந்தைகூட, "அண்ணாவுக்கு மட்டும் பெரிய லட்டு!" என்று கண்ணைக் கசக்குகிறது. ஒப்பிடும் வித்தையை யாரும் யாருக்கும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே குழந்தை ஆறாம் வகுப்புக்கு வந்து, ஆங்கில இலக்கணத்தில் 'டிகிரீஸ் ஆப் கம்பாரிஸன்' என்ற தலைப்பைக் கண்டதும் திருதிருவென்று விழிக்கிறது. 'டால், டாலர், டாலெஸ்ட்' என்று தாளம் தவறாமல் ஒப்பிக்கிறது. வாக்கியத்தில் வைத்துச் சொல் என்றாலோ, 'மோர் டாலர்' என்கிறது. ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒப்பிடத் தெரியவில்லையே என்று உபாத்தியாயர் தலையில் கை வைத்துக் கொள்கிறார்.

பிள்ளை மேல் குற்றமில்லை

தமிழில் இப்படிப்பட்ட சொற்களுக்கு வால் முளைப்பதில்லை. தனியாகச் சொன்னாலும், இரண்டை ஒப்பிட்டாலும், நூற்றில் முதலாவது என்றாலும் 'உயரம்' உயரமாகவே இருக்கும். 'விட' என்றோ 'காட்டிலும்' என்றோ பக்கத்தில் ஒரு சொல்லைப் போட்டால் காரியம் முடிந்தது. பழைய இலக்கணத்தில் இந்த வேலை ஐந்தாம் வேற்றுமையுடையது. நிறம், வடிவம், அளவு, சுவை, குளிர்ச்சி, வெப்பம் என்று எந்தெந்த வகையில் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடலாம் என்பதற்குத் தொல்காப்பியர் ஒரு ஜாபிதாவே கொடுத்திருக்கிறார்.

இன்னொரு தொல்லையும் உண்டு. 'யானையை விட ஒட்டகச்சிவிங்கி உயரம்' என்று நாம் தோற்றவரை முதலில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஜயித்தவர் முதலில் வருகிறார், 'தேன்' என்ற சின்னச் சொல்லுக்குப் பின்னால்தான் (இது இனிக்கிற தேன் அல்ல!) தோற்றவருக்கு இடம். பிள்ளை தமிழ் வரிசையில் ஆங்கிலச் சொற்களை அடுக்கினால் ஒட்டகச்சிவிங்கி குட்டையாகி, யானை நெட்டையாகிவிடும்! 'ஜயித்தவர் முதலில், தேனுக்குப் பின் தோற்றவர்' என்று ஒரு முறை சொல்லிக் கொடுத்தால் போதும்.

'மிக' என்ற சொல்லும் இரட்டை வேஷம் போடுகிறது. 'மிக உயர்ந்த மலை' என்றால் ரொம்ப உயர்ந்த மலையா, எல்லாவற்றிலும் உயர்ந்த மலையா? தமிழில் இரண்டும் ஆகும். ஆங்கிலத்தில் முன்னதற்கு 'வெரி', பின்னதற்கு 'எஸ்ட்' அல்லது 'மோஸ்ட்'. ஆகையால், "எதற்குள்ளே உயர்ந்தது?" என்ற கேள்வியைக் கேட்கப் பழக்க வேண்டும். பதில் இருந்தால் 'எஸ்ட்', இல்லாவிட்டால் 'வெரி'.

'மோர் பெட்டர்' என்று எழுதிய பிள்ளையை ரொம்பவும் கோபிக்க வேண்டாம். 'ஜூலியஸ் சீஸர்' நாடகத்தில், அந்தோணியின் புகழ் பெற்ற பிரசங்கத்தில், ஷேக்ஸ்பியரே ஒரே சொல்லுக்கு 'மோஸ்ட்'டையும் 'எஸ்ட்'டையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் அது செல்லும். இந்தக் காலத்துப் பரீட்சையில் செல்லாது. அவ்வளவுதான் வித்தியாசம்!

நன்னூல் கை கொடுக்கும்

'பிக்' என்ற சொல் 'பிக்கர்' ஆகும்போது கடைசி எழுத்து ஏன் இரட்டிக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். தமிழ்ப் பாடத்தில் அதற்கு விடை இருக்கிறது. 'கண்' என்பதோடு 'இல்' சேர்ந்தால் 'கண்ணில்'. 'கால்' என்பதோடு சேர்ந்தால் 'காலில்'. தனிக் குறிலை அடுத்து நிற்கும் மெய், பின்னால் உயிர் வந்தால் இரட்டிக்கும். நெடிலை அடுத்து நின்றால் இரட்டிக்காது. 'பிக்', 'தின்' எல்லாம் 'கண்' ஜாதி. 'க்ளீன்', 'டீப்' எல்லாம் 'கால்' ஜாதி. எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் பாதித் தூரம் கொண்டுபோய் விடும்.

'பியூட்டிபுல்' போன்ற நீண்ட சொற்களுக்கு ஏற்கெனவே சுமை அதிகம்; அவற்றின் முதுகில் 'எஸ்ட்'டையும் ஏற்றாமல், 'மோர்', 'மோஸ்ட்' என்று முன்னால் ஓர் ஆளை அனுப்புகிறார்கள். 'குட்' மட்டும் ஏன் 'பெட்டர்' ஆகிறது? இரண்டும் வெவ்வேறு வீட்டுச் சொற்கள்; பழங்காலத்திலேயே ஒரே குடும்பமாகிவிட்டன. இதற்கு விதி தேட வேண்டாம். நெட்டுருப் போடத்தான் வேண்டும்.

கோபுரமும் சிகரமும்

சரி, எதை எதோடு ஒப்பிடுவது? ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் சுமார் 192 அடி. திருவண்ணாமலை ராஜகோபுரம் அதைவிட உயரம், சுமார் 217 அடி. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் மூன்றிலும் உயரம், சுமார் 236 அடி. மூன்று படங்களைக் கரும்பலகையில் ஒட்டினால் பாடம் தானாக நடக்கும். நெடுங்காலம் மொட்டையாக நின்ற ஸ்ரீரங்கத்துக் கோபுரம் 1987ல்தான் பூர்த்தியாயிற்று என்பதையும் சொல்லுங்கள். அதற்கு முன் அந்த 'எஸ்ட்' வேறொரு கோபுரத்துக்குச் சொந்தமாக இருந்தது.

மலைகளும் அப்படியே. தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர், எவரெஸ்ட் 8,848.86 மீட்டர். 1802ல் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் தொடங்கிய பெரிய நில அளவைதான், பின்னாளில் இமயம் வரை போய், 1856ல் எவரெஸ்டுக்கு முதலிடம் கொடுத்தது. அதுவரையில் காஞ்சன்ஜங்காதான் உயர்ந்தது என்று பலர் நம்பியிருந்தார்கள். 'எஸ்ட்' என்ற பட்டம் யாருக்கும் சாசுவதமல்ல!

யாரை எழுந்து நிற்கச் சொல்வது?

சுலபமான வழி ஒன்று இருக்கிறதே என்று சில வகுப்புகளில் பிள்ளைகளையே எழுப்பி நிறுத்துகிறார்கள். உயரத்தில் ஆரம்பிக்கும் பாடம், "யார் ரொம்பக் குண்டு? யார் ரொம்பக் கறுப்பு?" என்று போய் முடிகிறது. வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரிக்கிறது. மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவள் கற்றது இலக்கணம் அல்ல. அந்த ஒரு 'எஸ்ட்' பள்ளிக்கூடம் முடிகிற வரையில் அவளுக்குப் பட்டப் பெயராக நிலைத்தாலும் நிலைக்கும்.

கோபுரத்துக்கு மனசு இல்லை; குட்டை என்றால் அது அழாது. முருங்கைக்காயும் புடலங்காயும் கோபித்துக் கொள்வதில்லை. பாடத்துக்கு அவை போதும்.

வீட்டிலும் இதே கதைதான். "அடுத்த வீட்டுப் பையனைப் பார், உன்னைவிட எவ்வளவு கெட்டிக்காரன்!" என்று தாய்மார்கள் தினமும் 'கம்பேரடிவ் டிகிரி' நடத்துகிறார்கள். அதற்குப் பதிலாக, பிள்ளையின் ஜூன் மாதத்து நோட்டையும் ஜனவரி மாதத்து நோட்டையும் அருகருகே விரித்து வைத்து, "எது பெட்டர்?" என்று அவனையே கேட்டுப் பாருங்கள். ஒப்பீடும் நடக்கும், தோற்றவர் என்று யாரும் இருக்க மாட்டார்கள். அந்த விடையை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாக எழுதச் சொன்னால், அன்றைய வீட்டுப் பாடமும் முடிந்துவிடும்.