குடல்வால் வலி அடங்கிய பிறகும் வயிறு சரியாகவில்லையா?

சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் பக்கத்துத் தொழிலாளர் விடுதிகளில் யாருக்கு வயிறு வலித்தாலும் மெஸ் சாப்பாட்டின் மேல்தான் முதலில் பழி விழும். காரணம் இல்லாமலில்லை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்களின் விடுதிச் சாப்பாடு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலே நடந்தது. ஆனால் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றில் வந்து நிலைக்கும் வலியோடு குமட்டலும் காய்ச்சலும் சேர்ந்தால், அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். வலி மாத்திரை போட்டு ஷிஃப்டை ஓட்டுவது ஆபத்து.

கத்தி வைக்காத சிகிச்சை

சிக்கலில்லாத குடல்வால் அழற்சியை ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்து அடக்க முடியும். பின்லாந்தில் அப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள்ளும், 39 சதவீதம் பேருக்கு ஐந்தாண்டுக்குள்ளும் அறுவை தேவைப்பட்டது. பாதிக்கு மேற்பட்டோர் கத்தியிலிருந்து தப்பினார்கள் என்பது நல்ல செய்திதான். ஆனால் குடல்வாலுக்குள் கல் இருந்தால் கணக்கு மாறும்: 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கல் இருந்தவர்களில் 41 சதவீதம் பேருக்கு 90 நாளுக்குள்ளேயே அறுவை செய்ய வேண்டிவந்தது. “ஸ்கேனில் கல் தெரிந்ததா?” என்று கேட்காமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள்.

பேதி ஏன் நிற்கவில்லை?

ஆன்டிபயாடிக் நோய்க்கிருமியோடு குடலின் நல்ல கிருமிகளையும் அழித்துவிடுகிறது. அதனால் சில நாள் வயிறு இளகிப்போவதும் வாயு சேர்வதும் சகஜம். பெரும்பாலும் மருந்து முடிந்த ஓரிரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். உப்பு சர்க்கரைக் கரைசல், இட்லி, மோர் சாதம் என்று மெல்லத் தேறலாம். நைட் ஷிஃப்ட் மாறி மாறி வருபவர்களுக்குக் குடலின் நேரம் ஏற்கெனவே குழம்பியிருக்கும். அவர்களுக்குத் தேற இன்னும் சில நாள் பிடிக்கலாம்.

நான் அஞ்சுவது வேறொன்றை. குடல்வால் உடைந்து இடுப்புக்குழியில் சீழ் கோத்துக்கொண்டால், அது மலக்குடலை உறுத்தும். அடிக்கடி போக வேண்டும்போல் இருக்கும், போனால் கொஞ்சம் சளிதான் வரும், கூடவே காய்ச்சல் அடிக்கும். சீதபேதி என்று நினைத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். சீழ் உள்ளே பெருகும். ஆன்டிபயாடிக் முடித்துச் சில வாரம் கழித்துக்கூட, ஒரு நாளில் பலமுறை தண்ணீராகப் போனால் அது வேறொரு குடல் தொற்றாக இருக்கலாம். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போட்டால் நிலைமை மோசமாகலாம். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாமல் போனால் குடல் அடைபட்டிருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள்.

குடல்வாலின் பெயரில் ஒளியும் நோய்கள்

நம் நாட்டில் குடல் காசநோய் பெரும்பாலும் தங்குவது சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில். குடல்வால் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாலைக் காய்ச்சல், எடை குறைதல், மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வருதல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். பெண்களுக்குக் கருப்பைக் குழாய்க் கர்ப்பமும் சினைப்பைக் கட்டியும் வலது அடிவயிற்றிலேயே வலிக்கலாம்; மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

குடல்வால் சீழ்க்கட்டியை மருந்தால் அடக்கியவர்கள் 40 வயதைத் தாண்டியிருந்தால் கொலனாஸ்கோபி அவசியம். பின்லாந்தில் இத்தகையவர்களை ஆராய்ந்தபோது, எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் புற்றுக்கட்டிகள் தென்பட்டதால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். கட்டி இருந்தவர்கள் எல்லோரும் நாற்பதைக் கடந்தவர்கள்.

லீவு கேட்கத் தயங்காதீர்கள்

சம்பளம் பிடிப்பார்கள் என்ற பயத்தில் மறுபரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் இங்கே அதிகம். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்கு இஎஸ்ஐ சந்தா கட்டப்பட்டிருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இது உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வலி சொந்த ஊரில் வந்தாலும் அங்குள்ள மருத்துவருக்கு முதலில் தேவைப்படுவது அவைதான்.