ஒரு தீவு, இரு மழைக்காலம்

மாணவர்களே! தில்லியில் வாழ்வோர் பருவத்தை வெப்பத்தால் அறிகின்றனர். சனவரியில் கம்பளி ஆடை தேவைப்படுகிறது. மே மாதத்தில் அனல்காற்று வீசுகிறது. நம் நாட்டின் தென்கோடியை அடுத்துள்ள இலங்கையில் நிலை வேறு. நிலநடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால், அதன் தலைசிறந்த துறைமுக நகரான கொழும்பில் சனவரிக்கும் மே மாதத்திற்கும் வெப்பநிலையில் பெரிய வேறுபாடு இல்லை. மழையே அங்குப் பருவங்களை வகுக்கிறது.

அம்மழையும் தீவு முழுவதும் ஒரே காலத்தில் பெய்வதில்லை. இதற்குக் காரணம், தீவின் நடுவே அமைந்துள்ள மலைநாடு ஆகும். அங்குள்ள பிதுருதலாகல சிகரம் 2,524 மீட்டர் உயரமுடையது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் அக்காற்று, மலைகளில் மோதி மேலெழுந்து குளிர்கிறது. மேற்குச் சரிவுகளிலும் தென்மேற்குக் கரையிலும் பெருமழையைப் பொழிகிறது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அதுவே ஈரமற்ற வெப்பக் காற்றாக மாறுகிறது. மட்டக்களப்புத் தமிழர் அதனைக் ‘கச்சான்’ என்பர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று வங்காள விரிகுடாவிலிருந்து வந்து, வடக்கிற்கும் கிழக்கிற்கும் மழை தருகிறது.

ஆகவே, “இலங்கைக்கு எந்த மாதத்தில் செல்லலாம்?” என்று மட்டும் கேட்பது போதாது. “அந்த மாதத்தில் எந்தக் கரைக்குச் செல்லலாம்?” என்றும் கேட்டல் வேண்டும். காலி, இக்கடுவை போன்ற தென்மேற்குக் கரை ஊர்களுக்குச் சனவரி முதல் மார்ச்சு வரையிலான காலம் ஏற்றது. திருகோணமலை, அறுகம் குடா ஆகிய கிழக்குக் கரை ஊர்களுக்கு மே முதல் செப்டம்பர் வரை செல்லலாம். பருவம் தவறிச் செல்வோர், வானம் தெளிந்திருந்தாலும் கடலில் இறங்குதல் கூடாது. வெயில் காயும் நாளிலும் பேரலையும் இழுப்பு நீரோட்டமும் உயிரைப் பறிக்கக்கூடும். கரையில் சிவப்புக் கொடி பறந்தால் நீராடுதல் ஆகாது.

மலைநாட்டில் உயரமே குளிரை முடிவு செய்கிறது. 1,800 மீட்டருக்கு மேல் அமைந்த நுவரெலியாவில் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 டிகிரி செல்சியஸ். கொழும்பின் வெப்பத்தை எண்ணிப் பருத்தி ஆடையுடன் மட்டும் செல்வோர் இரவில் நடுங்குவர். சிவனொளிபாத மலைக்கு மக்கள் டிசம்பர் முழுநிலவு முதல் மே முழுநிலவு வரை யாத்திரை செல்வது வழக்கம். தென்மேற்குப் பருவமழை வலுப்பதற்கு முன்பே அது நிறைவுறுவதைக் கவனியுங்கள்.

இரு பருவங்களுக்கும் இடைப்பட்ட மார்ச்சு, ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் காலையில் வெயிலும் பிற்பகலில் இடிமழையும் உண்டு. வெளியிடப் பயணத்தை முற்பகலிலேயே முடித்துக்கொள்வது நலம். இடி முழங்கும்போது மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்திற்குள் செல்ல வேண்டும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் வங்கக் கடலில் தோன்றும் புயல்கள் சில ஆண்டுகளில் தீவைத் தாக்குகின்றன. 1978 நவம்பரில் வீசிய புயல் மட்டக்களப்பைப் பேரழிவிற்கு உள்ளாக்கியது. தொடர்மழையின்போது பதுளை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் மண்சரிவும் ஏற்படுவதுண்டு.

இத்தகைய வேளைகளில் வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விடுக்கிறது. நாம் ‘துறை’ என்பதை இலங்கைத் தமிழர் ‘திணைக்களம்’ என்பர். அதன் அறிக்கைகள் சிங்களம், ஆங்கிலம் ஆகியவற்றுடன் தமிழிலும் வெளிவருகின்றன. அங்கே பயணம் செய்யும்போது, புறப்படுமுன் அன்றைய அறிக்கையை நீங்களே படித்து உடன்வருவோர்க்கு எடுத்துரைக்கலாம். நீங்கள் கற்கும் தமிழ், அன்று உங்கள் குடும்பத்திற்குக் காவலாகும்.

சிந்தித்து எழுதுக:
1. ஒரே காற்று மேற்கே மழையையும் கிழக்கே வெப்பத்தையும் தருவது எவ்வாறு?
2. உங்கள் குடும்பம் சூலை மாதத்தில் இலங்கை செல்கிறது. எந்தக் கரையைத் தேர்ந்தெடுப்பீர்கள்? காரணம் கூறுக.