ஆஸ்பத்திரிப் படுக்கையில் வெந்து போகும் தோல்

வயது முதிர்ந்தோ, நினைவு மங்கியோ, பக்கவாதத்தால் செயலற்றோ படுக்கையில் கிடப்பவர்களுக்கு மலஜலத்தை அடக்கும் சக்தி குன்றிவிடுவதுண்டு. அதனால் விளையும் துன்பம் ஒன்றைப் பற்றி எவரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஈரம் பட்டுப் பட்டு, தொடையிடுக்கிலும் பிட்டத்திலும் தோல் வெந்து, உரிந்து, எரிகிறதே, அதையே குறிப்பிடுகிறேன். கைக்குழந்தைக்கு வந்தால் வீடு முழுவதும் அறியும். பெரியவர்களுக்கு வந்தால் பெற்ற மக்களுக்குக்கூடத் தெரிவதில்லை.

இது அபூர்வமானதா? அமெரிக்காவில் 36 மாநிலங்களின் ஆஸ்பத்திரிகளில் 5,342 நோயாளிகளைப் பார்த்து எடுத்த கணக்கு ஒன்று 2018-இல் வெளியாயிற்று. அவர்களுள் 2,492 பேர் மலத்தையோ சிறுநீரையோ அடக்க இயலாதவர்கள்; 1,140 பேருக்குத் தோல் கெட்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் 376 பேரைப் பார்த்ததில், அடக்க இயலாதவர்கள் 91 பேர், தோல் கெட்டவர்கள் 38 பேர். மொத்த நோயாளிகளை வைத்துப் பார்த்தால் முதற்கணக்கில் நூற்றுக்கு 21, இரண்டாவதில் 10. இரண்டும் பொருந்தவில்லையே என்று தோன்றும். ஆனால் அடக்க இயலாதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 46, 42 என்று இரண்டும் நெருங்கி வந்துவிடுகின்றன. அத்தகைய நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இது நேர்கிறது என்பதே நாம் கவனிக்கத்தக்கது.

இவ்வளவு பரவலான ஒன்று மறைந்து கிடந்ததற்குக் காரணங்கள் உண்டு. நோயாளி கூசுகிறார். பார்ப்பவர்களோ இதைப் படுக்கைப்புண் என்றே எழுதிவிடுகிறார்கள். படுக்கைப்புண் எலும்பு துருத்தும் இடத்தில் அழுத்தத்தினால் உண்டாவது. ஓரம் தெளிவாக, ஆழமாக இருக்கும். இதுவோ மேலோட்டமாகப் பரந்து, மடிப்புகளுக்குள்ளும் செல்லும். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில்தான் இதற்குத் தனியிடம் கிடைத்தது. பெயரில்லாத நோயை எண்ணுவது எங்ஙனம்?

தோலின் மேற்புறம் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது; அதுவே அதன் காவல். சிறுநீரிலுள்ள யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக மாற்றும்போது அந்தக் காவல் தளர்ந்து, தோல் காரத்தன்மை அடைகிறது. மலத்திலுள்ள செரிமான நொதிகள் காரத்தில் வீறுகொண்டு, உணவைக் கரைப்பதுபோல் தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. ஆகவே இரண்டும் கலந்தால் கேடு மிகுதி. பேதியானால் இன்னும் கொடிது. பின்னர் பூஞ்சைக் காளானும் வந்து குடியேறுவதுண்டு.

இதில் வேடிக்கை என்னவெனில், சுத்தம் செய்கிறோம் என்று நாமே கெடுதல் செய்கிறோம். சாதாரணச் சோப்பும் காரமே. சுடுநீரும், கிருமிநாசினியும், முரட்டுத் துண்டால் அழுத்தித் துடைப்பதும் வெந்த தோலை உரிக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய துணியால் உடனுக்குடன் துடைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்தி, துத்தநாகக் களிம்போ வாசலினோ மெல்லியதாகப் பூசுவது நல்லது. பவுடர் ஈரத்தில் கட்டிபட்டு உறுத்தும். படுக்கையின்மேல் ரப்பர் விரிப்பை நேராகப் போட்டு அதன்மேல் படுக்கவைப்பதையும் நான் ஒப்புவதில்லை. மெத்தை பிழைக்கும், மேனி வேகும். தோல் உரிந்திருந்தாலோ, சிறு கொப்புளங்கள் பரவினாலோ, காய்ச்சல் கண்டாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் இப்பணியிற் பெரும்பங்கு உடனிருக்கும் உறவினர் கையில்தான் விழுகிறது. நம்மவர் நிறத்தில் சிவப்பு எளிதில் புலப்படாது. அந்த இடம் மற்ற இடத்தைவிடக் கறுத்தோ, வெளுத்தோ, தொட்டால் சூடாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தில்லியிலோ போபாலிலோ மகனிடம் வந்து தங்கி நோயுற்ற தாயாருக்கு வார்டு ஆயாவின் மொழி தெரியாது. மகனிடம் சொல்லவோ நாணம் தடுக்கும். இந்தியில் எரிச்சலுக்கு 'ஜலன்' என்று பெயர். அது நம் காதில் 'ஜலம்' என்று விழுகிறது. அம்மையார் 'ஜலம், ஜலம்' என்றால் அவர்கள் காதில் என்னவாக விழுமோ! மருமகளோ மகளோ இருந்தால், துணி மாற்றும்போது, "அம்மா, அங்கே எரிகிறதா?" என்று தமிழில் கேட்டு, விடையை நர்ஸிடம் அவர்கள் மொழியில் சொல்லிவிடலாம்.