ரமோனா பிறந்தது ஒரு தெருக் கூப்பாட்டில்!

போன ஆடி மாசம், படவேட்டில் எங்கள் வீட்டுத் திண்ணை. கரண்ட் போன ராத்திரி. ஜவ்வாது மலை இருட்டோடு இருட்டாக நிற்கிறது. அண்ணன் மகள்கள் இரண்டு பேரும் தூணுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியவளின் புது கலர் பென்சில் டப்பாவைச் சின்னவள் திறந்து, பன்னிரண்டையும் பாதியாகும்வரை சீவித் தள்ளியிருந்தாள். திண்ணையெல்லாம் கலர் கலராகச் சீவல்!

எனக்கு வேறு சமாதானம் தெரியவில்லை. "ஒரு பொல்லாத தங்கச்சி கதை சொல்லட்டுமா?" என்றேன்.

வீட்டு நிலவறையில் பெட்டி நிறைய ஆப்பிள். நாலு வயசு ரமோனா யாருக்கும் தெரியாமல் உள்ளே போகிறாள். ஒரு ஆப்பிளை எடுத்து ஒரே ஒரு கடி, தூக்கி எறி. அடுத்தது, ஒரு கடி, எறி. அக்கா பீஸஸ் வந்து பார்த்து அலறினால், அவள் சொல்லும் நியாயம் இதுதான்: முதல் கடிதான் ரொம்ப ருசி!

"ஆமா அத்த, கரெக்ட்டு!" என்றாள் சின்னவள், இருட்டுக்குள்ளிருந்து.

"பாரு அத்த, இவளும் அப்டிதான்" என்றாள் பெரியவள். ஆனால் தூணைச் சுற்றி இந்தப் பக்கம் வந்துவிட்டாள்!

அந்த ரமோனாவை எழுதியவர் பெவர்லி கிளியரி. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் 1916 ஏப்ரல் 12இல் பிறந்து, 2021 மார்ச் 25இல், 105 நிரம்பப் பதினெட்டே நாள் இருக்கும்போது போனவர். அவர் புத்தகங்கள் எட்டுக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கின்றன. அதெல்லாம் கிடக்கட்டும். கதைக்குப் பின்கட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கிட்டே வாருங்கள். எனக்கு அதைச் சொல்லச் சொல்ல இன்னும் நெஞ்சு படபடக்கிறது.

அக்கா தங்கச்சி சண்டையை இவ்வளவு துல்லியமாக எழுதிய இந்த அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்களே கிடையாது. ஒற்றைப் பிள்ளை! யாம்ஹில் என்ற சிற்றூர்ப் பண்ணையில் தனியாக வளர்ந்து, ஆறு வயசில் போர்ட்லண்ட் நகரத்துக்கு வந்தவர். பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பில், சரியாகப் படிக்க வராத பிள்ளைகளுக்கான கூட்டத்தில் உட்காரவைக்கப்பட்டவர். அப்படிப்பட்டவர் வளர்ந்து நூலகரானார். யாக்கிமா ஊர் நூலகத்துக்கு வந்த பையன்கள் சிலர், எங்களை மாதிரிப் பசங்களைப் பற்றிப் புத்தகமே இல்லையா என்று கேட்டது மனசில் தைத்தது. தைத்து, பல வருஷம் அப்படியே கிடந்தது.

பிறகு நடந்ததுதான் எனக்கு உயிர். பெர்க்லியில் அவரும் கணவர் கிளாரன்ஸும் ஒரு வீடு வாங்கிக் குடிபோகிறார்கள். துணிமணி வைக்கும் அலமாரியைத் திறந்தால், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஒரு கட்டு டைப் அடிக்கும் தாள்! இனி நான் புத்தகம் எழுதியே ஆகணும் போலிருக்கிறது என்கிறார் இவர். எழுதேன் என்கிறார் கணவர். இந்த வீட்டில் ஒரு பென்சிலுக்காவது கூர் இருக்கிறதா என்று இவர் சாக்குச் சொல்ல, மறுநாள் கணவர் கையில் எதோடு வந்தார் என்று நினைக்கிறீர்கள்? பென்சில் சீவும் கருவி!

இதைத் திண்ணையில் சொன்னதும் சின்னவள் எழுந்தே நின்றுவிட்டாள். "பாத்தியாக்கா? சீவுனா தான் கதை வரும்!"

1950இல் முதல் புத்தகம் வந்தது. ஹென்றி ஹக்கின்ஸ் என்ற பையனின் கதை. எழுதி முடிக்கும் நேரத்தில் கிளியரிக்கு ஒன்று உறைத்தது: கதையில் வரும் பிள்ளைகள் அத்தனை பேரும் தன்னைப் போலவே ஒற்றைப் பிள்ளைகள். யாருக்காவது ஒரு தங்கச்சி வேண்டுமே! பியாட்ரிஸ் என்ற பெண்ணுக்கு பீஸஸ் என்ற செல்லப்பெயர் எப்படி வந்தது என்பதற்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. வாய் திருந்தாத ஒரு குட்டித் தங்கச்சி அக்கா பெயரைச் சிதைத்தாள் என்று வைத்துவிட்டால் தீர்ந்தது. சரி, அந்தக் குட்டிக்கு என்ன பெயர்? அந்த நேரம் பார்த்து வெளியே பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இன்னொருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்: ரமோனா! அவ்வளவுதான். ஒரு ஓரத்தில் போட்டுவைத்த தங்கச்சி, 1955இல் அக்காவோடு சேர்ந்து தனிப் புத்தகத்துக்கே வந்துவிட்டாள். 1999இல் கடைசிப் புத்தகம். நாற்பத்து நாலு வருஷத்தில் ரமோனாவுக்கு நாலு வயசிலிருந்து பத்து வயசுதான் ஆகியிருக்கிறது!

அவர் எழுதும் அறை எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு ஒரே ஆசை. ரொட்டிக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு எழுத உட்காருவாராம். மாவு உப்பியதும் எழுந்து போய் அதை ஒரு குத்து குத்தி அமுக்கிவிட்டு, திரும்ப வந்து எழுதுவாராம். புத்தகங்களைத் தொடங்குவது ஜனவரி 2இல்தானாம். ரமோனா குடும்பம் குடியிருக்கும் கிளிக்கிடாட் தெரு போர்ட்லண்டில் நிஜமாகவே இருக்கிறது. பின்னல் ஊசிகள் உரசும் சத்தம் மாதிரி இருக்கிறதே என்று அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். கிளிக்கிடாட், கிளிக்கிடாட்! ஆரணிப் பக்கம் தறி ஓடும் தெருவில் நடந்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்கவே வேண்டாம்.

இவ்வளவும் சொன்னது அந்த 1955 புத்தகத்தில் வரும் ஒரே ஒரு அத்தியாயத்துக்காக. பீஸஸுக்குப் பத்தாவது பிறந்தநாள். முதல் கேக் மாவில் ரமோனா முட்டைகளை ஓட்டோடு போட்டுக் கெடுத்தாள். இரண்டாவது கேக் அடுப்பில் இருக்கும்போது தன் ரப்பர் பொம்மையை உள்ளே தள்ளி, வீடு முழுக்க நாற்றம். அப்போது பீஸஸ் தாங்க முடியாமல், சில நேரம் இந்த ரமோனா மேல் எனக்குப் பாசமே வருவதில்லை என்று சொல்லிவிடுகிறாள். பெரிய பாவம் செய்துவிட்டதாக நடுங்குகிறாள். அம்மாவும் சித்தியும் என்ன செய்தார்கள்? சின்ன வயசில் தாங்கள் இருவரும் போட்ட சண்டைகளைச் சொல்லிச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்கள்!

நானும் அக்காதான். "நீ பெரியவ, விட்டுக்குடு" என்பதைக் கேட்டே வளர்ந்தவள். வளர்ந்த பிறகு முதல்தடவை அந்தப் பக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதேன். நம் சிறுவர் கதைகளில் யானைக்கும் முயலுக்கும் ராஜாவுக்கும் குறைவில்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறதே, அதையும் எழுதுங்களேன் என்று ஏங்குகிறேன். எங்கள் மாவட்டத்தில் வந்தவாசி மு. முருகேஷ் தன் சிறுவர் கதைப் புத்தகத்துக்கு 'அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை' என்று பெயர் வைத்தார். 2021க்கான பால சாகித்ய புரஸ்கார் அதற்குத்தான். அந்தத் தலைப்பே எனக்கு ஒரு வீட்டு வாசல் மாதிரி.

திண்ணையில் கதை சொன்னதற்கு மறுநாள் ஆடி வெள்ளி. ரேணுகாம்பாள் கோயில் முன்னால் ஒரே ஜனம். பொங்கல் புகை, வேப்பிலை, மொட்டைத் தலைகளில் சந்தனம். நான் நோட்டும் பென்சிலுமாக ஒரு ஓரம் உட்கார்ந்தேன். பென்சிலைச் சீவிக் கொடுத்தது சின்னவள்தான். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எனக்கும் ஒரு தங்கச்சி வேண்டுமே!

"ஏ ரேணு!" என்று ஒரு அம்மா அடுப்படியிலிருந்து கத்தினார்.

படவேட்டில் ரேணுவுக்குப் பஞ்சமா? ஐந்து தலை திரும்பியது. நாலு பேர் ஓடினார்கள். ஐந்தாவது ரேணு ஓடவில்லை. வாழைப்பழச் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றை உரித்து நுனியை மட்டும் கடித்துவிட்டு, நிதானமாக அடுத்ததை உரித்தாள்.