நீரிழிவு நோயாளரின் திடீர்ச் செவித்திறன் இழப்பும் ஸ்டீராய்டு மருத்துவமும்

ஆய்வுச் சுருக்கம்

உட்செவி சார்ந்த திடீர்ச் செவித்திறன் இழப்புக்கு ஸ்டீராய்டு மருந்தே பரவலாக வழங்கப்படுகிறது. அம்மருந்து குருதிச் சர்க்கரையை உயர்த்துவதால், நீரிழிவு உடையோருக்கு அதனைத் தொடங்குவதில் தயக்கம் நேர்கிறது. நீரிழிவு மருத்துவத்தைத் தள்ளிவைப்பதற்குரிய காரணமன்று. மருந்து செலுத்தும் வழியையும் கண்காணிப்பு முறையையும் தீர்மானிக்கும் காரணமே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செவித்திறன் இழப்பு, உட்செவி, நீரிழிவு, ஸ்டீராய்டு, செவிப்பறைவழி ஊசி

முன்னுரை

மூன்று நாட்களுக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் 30 டெசிபெல் அல்லது அதற்கு மேல் கேட்கும் திறன் குறைவதைத் திடீர்ச் செவித்திறன் இழப்பு என வரையறுப்பர். பெரும்பாலும் ஒரு காதே பாதிக்கப்படும். காது அடைத்தாற்போன்ற உணர்வும் இரைச்சலும் தோன்றுவதால், குறும்பி என்றோ சளி என்றோ கருதி நோயாளர் நாட்களைக் கடத்துவதுண்டு. ஸ்டீராய்டை முதல் இரு வாரங்களுக்குள் தொடங்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். எனவே, இக்காலத்தாழ்வு கேள்வித்திறனையே விலையாகக் கேட்கக்கூடும்.

உட்செவியும் நீரிழிவும்

உட்செவிக்குக் குருதி வழங்கும் தமனிக்கு மாற்றுவழி இல்லை. நீரிழிவோ நுண்குருதிக் குழாய்களைச் சிதைக்கும் நோய். ஆதலால் நீரிழிவு உடையோரின் உட்செவி எளிதில் ஊறுபடத்தக்கது. எனினும், திடீர் இழப்புக்கான காரணம் பெரும்பாலோரிடம் உறுதியாகப் புலப்படுவதில்லை. வைரஸ் தொற்று, குருதியோட்டத் தடை, தன்னெதிர்ப்பு ஆகியவை கருதுகோள்களாகவே உள்ளன. அழற்சியைத் தணிக்கும் நோக்குடன் ஸ்டீராய்டு வழங்கப்படுகிறது.

வாய்வழி மருந்தும் சர்க்கரை உயர்வும்

1980இல் வில்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், வாய்வழி ஸ்டீராய்டு பெற்றோருள் 61 விழுக்காட்டினரும் மருந்தற்ற மாத்திரை பெற்றோருள் 32 விழுக்காட்டினரும் செவித்திறனை மீளப் பெற்றனர். மருந்தின்றியும் சிலர் மீள்வர் என்பதை இரண்டாம் எண் உணர்த்துகிறது. ஆதலால் மருந்தின் பயனை அதன் பக்கவிளைவோடு ஒப்பிட்டு எடைபோடுதல் இன்றியமையாதது.

ஸ்டீராய்டு, கல்லீரலில் குளுக்கோஸ் உற்பத்தியைப் பெருக்குகிறது. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் இன்சுலினின் செயலைக் குறைக்கிறது. காலையில் ஒரு வேளை உட்கொள்ளும் பிரட்னிசோலோன், பிற்பகலிலும் மாலையிலும் சர்க்கரையை மிகுதியாக உயர்த்தும். மறுநாள் காலை வெறும் வயிற்றில் எடுக்கும் அளவு இயல்பாகவும் இருக்கலாம். எனவே வெறும் வயிற்றுச் சோதனையை மட்டும் நம்புவது பிழையான நிறைவைத் தரும். பகலுணவுக்குப் பின்னும் இரவுணவுக்கு முன்னும் அளந்து, அதற்கேற்ப நீரிழிவு மருந்தையோ இன்சுலினையோ மாற்றியமைக்க வேண்டும். ஸ்டீராய்டின் அளவு குறையும்போது இவற்றையும் குறைக்காவிடின் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும்.

செவிப்பறைவழி ஊசி

செவிப்பறையின் ஊடாக நடுச்செவிக்குள் மருந்தைச் செலுத்துவது மாற்றுவழி. மருந்து வட்டச் சாளரச் சவ்வின் வழியே உட்செவியை அடைகிறது. குருதியில் கலப்பது குறைவாதலின் சர்க்கரை உயர்வும் குறைவு. 2011இல் ரௌச் குழுவினர் 250 நோயாளரிடம் இரு வழிகளையும் ஒப்பிட்டனர். இரண்டு மாதங்களுக்குப் பின் வாய்வழிக் குழுவில் 30.7 டெசிபெலும் ஊசிக் குழுவில் 28.7 டெசிபெலும் முன்னேற்றம் காணப்பட்டது. ஊசிவழி தாழ்ந்ததன்று என்பதே அவ்வாய்வின் முடிவு. வலி, தலைச்சுற்றல், அரிதாகச் செவிப்பறைத் துளை ஆகியவை இவ்வழியின் குறைகள்.

மிகு அளவு மருந்து மிகு பயன் தரும் என்ற எண்ணத்தையும் சான்றுகள் ஏற்கவில்லை. 2024இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், மிகு அளவு ஸ்டீராய்டு வழக்கமான அளவைவிடச் சிறந்த பயன் தரவில்லை, பக்கவிளைவுகளோ மிகுந்தன. நீரிழிவு உடையோர்க்கு இம்முடிவு சிறப்பாகப் பொருந்தும்.

முடிவுரை

சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ளோர்க்கு, உரிய கண்காணிப்புடன் வாய்வழி மருந்து ஏற்புடையது. கட்டுப்பாடு குன்றியோர்க்குச் செவிப்பறைவழி ஊசியை முதல் மருத்துவமாகவே கருதலாம். எவ்வழியாயினும், செவித்திறன் சோதனையைக் காலந்தாழ்த்தாது செய்வதும் காது மருத்துவரும் நீரிழிவு மருத்துவரும் இணைந்து முடிவெடுப்பதும் தேவை. உயர்ந்த சர்க்கரையைப் பெரும்பாலும் சில நாட்களில் சீராக்கலாம். இழந்த செவித்திறனை மீட்கும் காலமோ குறுகியது.