மலிவான நாடு தேடிப் போகும் தனி ஆடவர்: மருமகனா, விருந்தாளியா?

பொருள் ஈட்டக் கடல் கடந்தவர்களின் வழிவந்தது மலேசியத் தமிழ்ச் சமுதாயம். இன்று உலகின் பல மூலைகளில் மணமாகாத ஆடவர்கள் வேறொரு நோக்கத்துடன் கடல் கடக்கிறார்கள். ஈட்டிய பொருளைக் கொண்டு குறைந்த செலவில் வாழவும், போன இடத்திலேயே ஒரு துணையைத் தேடிக்கொள்ளவும் புறப்படுகிறார்கள். "அங்கே போனால் ராஜா மாதிரி வாழலாம், பெண்ணும் கிடைப்பாள்" என்று ஆசை காட்டும் காணொளிகளுக்கு இணையத்தில் பஞ்சமே இல்லை. மலேசிய, சிங்கப்பூர் இளைஞர்களும் அவற்றைப் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

இப்படிப் போகிறவர்கள் அதிகம் நாடும் நாடுகளில் ஒன்று தாய்லாந்து. அங்கே நடப்பது என்ன என்று நிதானமாகப் பார்த்தால், ஆசைக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளி புரியும்.

எப்படித் தொடங்கியது?

வியட்நாம் போர்க் காலத்தில் தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான ஈசானில் உடோன் தானி, உபோன், கோராட் ஆகிய ஊர்களில் அமெரிக்க விமானப் படை முகாமிட்டிருந்தது. படைவீரர்கள் பலர் அவ்வூர்ப் பெண்களோடு குடும்பம் நடத்தினர். 1976-இல் படைகள் வெளியேறின. ஆனால் வெளிநாட்டவரை மணக்கும் வழக்கம் அதோடு நின்றுவிடவில்லை. ஈசான் வறண்ட மண். மழையை நம்பி நெல் பயிரிடும் குடும்பங்களின் பிள்ளைகள் பிழைப்புக்காக பேங்காக், பட்டாயா, புக்கெட் என்று போனார்கள். ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆடவர்களை அங்கேதான் சந்தித்தார்கள். இன்று ஈசான் கிராமங்களில் வெளிநாட்டு மருமகன் அதிசயமான காட்சி அல்ல.

மலிவு யாருக்கு?

வாழ்க்கைச் செலவு குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்த மலிவு, வருமானம் வேறு நாட்டிலிருந்து வரும் வரைதான். உள்ளூர்ச் சம்பளத்தில் வாழும் தாய்லாந்துக்காரருக்கு அதே வாடகை மலிவு அல்ல. வெளிநாட்டவர் அங்கே வேலை செய்ய அனுமதி வேண்டும். பல தொழில்கள் அவர்களுக்குத் தடை செய்யப்பட்டுள்ளன.

நாணய மதிப்பும் ஒரே நிலையில் இருப்பதில்லை. 1997 ஜூலையில் பாட் நாணயம் சரிவதற்கு முன் ஓர் அமெரிக்க டாலருக்குச் சுமார் 25 பாட் கிடைத்தது. ஆறே மாதங்களில் 50-க்கும் மேல் கிடைத்தது. பிறகு பாட் மீண்டும் வலுவடைந்தது. 50 பாட் கணக்கில் வாழ்க்கையைத் திட்டமிட்டவர் என்ன செய்வார்? தாய்லாந்தில் குடியேறும் பிரிட்டிஷ் ஓய்வூதியர்களுக்கு அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்வதும் இல்லை. குடியேறிய நாளில் வாங்கிய தொகையிலேயே அது நின்றுவிடுகிறது. வயதோ நிற்பதில்லை, மருத்துவச் செலவும் நிற்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஓய்வுக்கால விசாவுக்கு வயது 50 ஆகியிருக்க வேண்டும். அத்துடன் வங்கியில் 800,000 பாட் சேமிப்போ மாதம் 65,000 பாட் வருமானமோ காட்ட வேண்டும். தாய்லாந்துப் பெண்ணை மணந்தவருக்கு அது 400,000 பாட் அல்லது மாதம் 40,000 பாட். இணையம் வழி வேலை செய்யும் இளையவர்களுக்காக 2024 ஜூலையில் 5 ஆண்டு விசா ஒன்று அறிமுகமானது. அதற்கு 500,000 பாட் இருப்பு காட்ட வேண்டும். ஒருமுறை நுழைந்தால் 180 நாள் தங்கலாம். நீண்டகாலம் தங்குபவர்கள் 90 நாளுக்கு ஒருமுறை குடிநுழைவுத் துறையிடம் தங்கள் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். பத்து ஆண்டுகள் வாழ்ந்தவரும் இதற்கு விலக்கல்ல.

நிலம் இதைவிடப் பெரிய விஷயம். வெளிநாட்டவர் பொதுவாகத் தாய்லாந்தில் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டும், மொத்தப் பரப்பில் 49 விழுக்காடு வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். மனைவி தன் பெயரில் நிலம் வாங்கலாம். ஆனால் அந்தப் பணம் முழுவதும் அவளுடையதே என்று கணவன் நில அலுவலகத்தில் கையொப்பமிட வேண்டும். பிரிவு ஏற்பட்டால் "என் காசில் வாங்கியது" என்று பிறகு சொல்லிப் பயனில்லை. இது பெண் செய்யும் சூழ்ச்சி அல்ல, நாட்டின் சட்டம். 30 ஆண்டுக் குத்தகையைப் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. காதல் மயக்கத்தில் அதைக் கேட்டறிபவர்கள் எத்தனை பேர்?

பெண்ணின் பக்கம்

துணை தேடுபவர் பெரும்பாலும் மறந்துவிடுவது, அந்தப் பெண்ணுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்பதை. ஈசானில் பெற்றோரைக் காப்பது மகளின் கடமை. குறிப்பாக, கடைசி மகள் பிறந்த வீட்டிலேயே தங்கி, பெற்றோரைப் பார்த்துக்கொண்டு, அந்த வீட்டுக்கு உரிமையாவது பழைய வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டாருக்குத் தரும் பணம் 'சின் சொட்' எனப்படுகிறது. நம்மவர் வழக்கில் இருந்த பரிசப் பணத்தை இது நினைவூட்டும். மகளை வளர்த்த பெற்றோருக்குச் செய்யும் நன்றிக்கடனாகவே அவர்கள் அதைப் பார்க்கிறார்கள். இது புரியாத வெளிநாட்டவர், "என்னைப் பணப்பெட்டியாக நினைக்கிறார்கள்" என்று குமுறுகிறார். ஊருக்குப் பணம் அனுப்புவதைப் பெண் கடமை என்கிறாள். ஆண் ஏமாற்று என்கிறான். பல குடும்பங்களில் விரிசல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தன் நாட்டில் பெண்கள் அதிகம் எதிர்பார்க்கிறார்கள் என்று குறைபட்டுப் போகிறவர், அங்கே எதிர்பார்ப்பே இல்லாத பெண்ணைத் தேடுகிறார். அப்படி ஒருத்தி எந்த நாட்டிலும் இல்லை. எதிர்பார்ப்பின் வடிவம்தான் மாறுகிறது.

பிள்ளை பிறந்தால்?

ஊர் கூடிச் சடங்கு செய்து வைத்தாலும், மாவட்ட அலுவலகத்தில் பதியாத திருமணம் தாய்லாந்துச் சட்டப்படி திருமணம் ஆகாது. மலேசிய ஆடவருக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். 2021 மே மாதம் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில் 4-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. தந்தை மலேசியர், தாய் பிலிப்பைன்ஸ் நாட்டவர். பிள்ளை பிலிப்பைன்ஸில் பிறந்த பிறகுதான் பெற்றோர் மணம் முடித்தனர். அந்தப் பிள்ளைக்குத் தந்தை வழியில் இயல்பாகக் குடியுரிமை கிடைக்காது என்பதே தீர்ப்பு. சில மாதத் தாமதம், பிள்ளையின் அடையாளத்தையே மாற்றிவிட்டது.

ஆகவே, வெளிநாட்டில் வாழ்வதோ அங்கே மணம் முடிப்பதோ தவறு என்பதல்ல. மொழியைக் கற்று, மாமியார் வீட்டு வயலில் இறங்கி, மதிப்போடு வாழும் வெளிநாட்டு மருமகன்களும் ஈசானில் இருக்கிறார்கள். குறைந்த செலவில் வாடகை வீடும் சாப்பாடும் கிடைக்கும். உரிமையும் உறவும் அந்த விலைக்குள் அடங்குவதில்லை. போவதற்கு முன் திருமணப் பதிவு, குத்தகை, விசா, மருத்துவக் காப்புறுதி ஆகிய நான்கையும் விசாரித்தறிவது நல்லது. துணையாக வரப்போகும் பெண்ணிடம், "உன் வீட்டாருக்கு நீ என்ன செய்ய வேண்டியிருக்கிறது?" என்று முதலிலேயே கேட்பது அதைவிட நல்லது.