குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்குக் கடன் பெறுமுன் ஆடவர் அறிய வேண்டுவது

நெசவாளர் சங்கங்களிலும் வேளாண்மைக் கடன் சங்கங்களிலும் நகை ஈட்டுக் கடன் கோரி வரும் அங்கத்தினர்களுள், குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்காகப் பணம் வேண்டுவோரையும் இந்நாளில் நாம் காண்கிறோம். கடன் எதற்கு என்று வினவினால் அவர்கள் தாழ்ந்த குரலில் விடை கூறுவர். மேலும் விசாரிக்குங்கால், மனைவிக்குப் பலவகைச் சோதனைகள் பன்முறை நடந்திருப்பதும், கணவனை ஒரு மருத்துவரேனும் முழுமையாகப் பரிசோதித்திராததும் பல சமயங்களில் வெளிப்படுகின்றன. ஈடு வைக்கப்படுவதோ மனைவியின் நகை. பழி சுமப்பவளும் அவளே. இந்நிலை மாற வேண்டும் என்னும் கருத்துடனேயே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

துணியில் குறை கண்டால் பாவை மட்டும் பார்த்துவிட்டு ஊடையைப் பாராமல் விடும் நெசவாளர் இல்லை. பயிர் எழும்பாத வயலில் மண்ணோடு விதையையும் சோதிக்க வேண்டும் என்பது உழவர் யாவரும் அறிந்ததே. மகப்பேற்றிலும் இவ்வாறே இருவரையும் பார்த்தல் வேண்டும். குழந்தையில்லாத் தம்பதிகளுள் ஏறத்தாழப் பாதிப் பேரிடத்தில், ஆடவனிடமுள்ள குறை தனியாகவோ, பெண்ணிடமுள்ள குறையோடு சேர்ந்தோ காரணமாகின்றது.

ஆடவரிடம் காணப்படும் குறைகளுள் அறுவை மூலம் சீர்செய்யத் தக்கவற்றில் முதன்மையானது ‘வெரிக்கோசீல்’ என்பது. விரைப்பையில் நரம்பு சுருண்டுள்ளது என்று மக்கள் இதனைக் கூறுவர். உண்மையில் இது நரம்பன்று; விரையிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுசெல்லும் சிரைகளின் வீக்கம். இக்குழாய்களினுள் இரத்தம் கீழ்நோக்கித் திரும்பாதபடி தடுக்கும் சிறு வால்வுகள் உண்டு. மதகின் பலகை சரிவர மூடாவிடில் நீர் பின்வாங்கித் தேங்குவதுபோல, வால்வு பழுதுபட்டால் இரத்தம் கீழே தேங்கிக் குழாய்கள் பருத்துச் சுருளும். இடப்புறச் சிரை நேராகப் பெருஞ்சிரையில் சேராமல் சிறுநீரகச் சிரையில் செங்கோணமாகச் சென்று சேர்வதால், இக்குறை பெரும்பாலும் இடப்பக்கமே தோன்றுகிறது. ஆடவரில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு இது உண்டு. குழந்தைப்பேறின்மைக்காகப் பரிசோதிக்கப்படுவோரிலோ நூற்றுக்குச் சுமார் 35 முதல் 40 பேரிடம் காணப்படுகின்றது.

விரைகள் உடலின் ஏனைய பகுதியைவிட 2 முதல் 4 டிகிரி சென்டிகிரேடு குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு உற்பத்தி செவ்வனே நடைபெறும். சூடான இரத்தம் தேங்குவதால் அக்குளிர்ச்சி கெடுகிறது. விந்தணுக்களின் எண்ணிக்கை குறையலாம். அவற்றின் ஓட்டம் தளரலாம். அவற்றினுள் உள்ள மரபுப்பொருளும் சிதைவுறலாம். எனினும் இக்குறையுடைய அனைவரும் மகப்பேறு அற்றவர் ஆகார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பலர் எத்தடையுமின்றித் தந்தையராகின்றனர்.

எடின்பரோ நகர மருத்துவர் டல்லாக், 1952இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு நிகழ்ச்சியைக் குறித்தார். இருபுறமும் இக்குறையுடன், விந்தில் அணுக்களே காணப்படாதிருந்த ஒருவருக்கு அறுவை செய்தபின் அணுக்கள் தோன்றின; அவர் மனைவியும் கருவுற்றார். அதன்பின் இவ்வறுவை உலகெங்கும் பரவிற்று. 1978இல் சோதனைக் குழாய் முறையில் முதற்குழந்தை பிறந்தது. 1992இல், ஒரே விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் ‘இக்ஸி’ முறை வெற்றி கண்டது. ஒரே அணு போதுமெனில், ஆடவனின் குறையைத் திருத்துவானேன் என்னும் எண்ணமும் உடன் எழுந்தது.

அவ்வெண்ணம் முற்றும் சரியன்று. ஒரு விந்தணு போதுமாயினும் அது நல்ல அணுவாக இருத்தல் வேண்டும். 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அறுவை செய்துகொண்டபின் இக்ஸிக்குச் சென்ற தம்பதிகளிடையே குழந்தை பிறப்பு மிகுதியாக இருந்ததெனக் கூறிற்று. அதில் அடங்கிய ஆய்வுகள் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டவை அல்ல. ஆதலின் அதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. ஆயினும் அறுவையினால் சிலர் இயற்கையாகவே கருத்தரிக்கவும், வேறு சிலருக்குச் செலவு மிகுந்த இக்ஸிக்குப் பதிலாக விந்தைக் கருப்பையில் செலுத்தும் எளிய முறையே போதுமானதாகவும் வாய்ப்புண்டு. கடன் வாங்கிச் சிகிச்சை பெறும் குடும்பத்திற்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

யாருக்கு இவ்வறுவை தகும்? மருத்துவர் நிற்கவைத்துக் கையால் தொட்டறியும் அளவு வீக்கமும், விந்துப் பரிசோதனையில் குறையும், மகப்பேறின்மையும் ஒருங்கே உள்ளவருக்குத் தகும். ஸ்கேனில் மட்டும் தெரியும் சிறு வீக்கத்திற்கும், விந்து செவ்வையாக உள்ளவருக்கும் மகப்பேற்றின் பொருட்டு இது வேண்டுவதில்லை. மனைவிக்கு வயது 35ஐக் கடந்திருந்தாலோ, கருமுட்டைகள் குறைந்திருந்தாலோ, அறுவைக்குப்பின் காத்திருக்கும் மாதங்கள் நட்டமாகலாம். அவளுடைய கருக்குழாய்கள் இரண்டும் அடைபட்டிருந்தால் சோதனைக் குழாய் முறை எப்படியும் தேவைப்படலாம். விந்தணுவே இல்லாதவருக்கு அறுவையின் பயன் உறுதியாகக் கூறத்தக்கதன்று. டல்லாக் கண்ட பலன் எல்லாருக்கும் கிட்டாது. ஆகவே தம்பதிகள் இருவரையும் ஒருங்கே ஆராய்ந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

விந்துப் பரிசோதனைக்கு 2 முதல் 7 நாள் வரை உடலுறவு தவிர்த்திருத்தல் முறை. ஒரு பரிசோதனையின் முடிவை மட்டும் நம்பலாகாது. அளவு நாளுக்கு நாள் மாறுபடுவதால் மறுமுறையும் செய்ய வேண்டும். அறுவையில், அடிவயிற்றின் கீழ்ப்புறம் சிறு கீறல் இட்டு, நுண்ணோக்கியின் துணையால் பழுதுற்ற சிரைகளை மட்டும் கட்டி அடைப்பர். தமனியும் நிணநீர்க் குழாய்களும் காக்கப்படுவதால், நீர் கோத்தல், வீக்கம் திரும்புதல் முதலிய தொல்லைகள் இம்முறையில் குறைவு. தறிக்குழியில் அமர்ந்து மிதிப்பதையும் மூட்டை தூக்குவதையும் மருத்துவர் சொல்லும் வரை நிறுத்திவைக்க வேண்டும்.

பலன் உடனே தெரியாது. ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். ஆகையால் மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் விந்தைச் சோதித்துப் பார்த்தபின் அடுத்த வழியை ஆராய்வர். புகையிலையையும் மதுவையும் விடுதல் இக்காலத்தில் மட்டுமன்றி எக்காலத்திலும் நன்று. திடீரெனத் தோன்றிப் படுத்தாலும் வடியாத வீக்கமாயின் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுக. வயிற்றினுள் வேறு நோய் உண்டா என்றும் அவர் பார்ப்பார்.

அங்கத்தினர்களுக்கு நாம் கூற விழைவது இதுவே. நகையை ஈடு வைக்குமுன் கணவர் இருமுறை விந்துப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். சிறுநீரக அறுவை நிபுணரிடம் ஒருமுறை உடலைக் காட்டட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இத்துறை உண்டு. “இவ்வறுவை எங்களுக்குத் தகுமா? மனைவியின் வயதுக்குக் காத்திருக்க இடமுண்டா? காத்திருந்தால் எவ்வளவு காலம்?” என்னும் மூன்று வினாக்களைக் கணவனும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து கேட்கட்டும். அதற்குப் பின்னும் கடன் வேண்டியிருக்குமாயின் தயக்கமின்றிச் சங்கத்திற்கு வரலாம். அது தேவையறிந்து வாங்கிய கடனாக இருக்கும். சோதனைக்கு உடன்படுவதால் ஓர் ஆடவனின் ஆண்மைக்கு இழுக்கு ஒன்றும் நேர்ந்துவிடாது. மறுத்திருப்பதால் நேரும் இழப்போ, மனைவியின் வயதிலும் குடும்பத்தின் கணக்கிலும் ஆண்டுதோறும் பற்றாக ஏறிக்கொண்டே போகும்.